ஹொசே ஆண்ட்ரேஸ் தொழிலைத் துறந்தவர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பிற நாடுகளில் குடியேறிப் பெயர் பெற்ற சமையற்கலைஞர்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சமையல் தொழிலை மதித்து இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹொசே ஆண்ட்ரேஸைப் பற்றிய பகுதி, அவர் ஆடம்பர உணவகங்களின் உலகைத் துறந்துவிட்டுப் பசித்தவர்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டவர் என்ற எண்ணத்தைப் படிப்பவர் மனத்தில் பதிக்கிறது. பாராட்டும் நோக்கத்துடன் எழுதப்பட்டதே என்றாலும் அந்தச் சித்திரம் தவறானது. அவர் எதையும் துறக்கவில்லை. இன்றும் முப்பதுக்கும் மேற்பட்ட உணவகங்களை நடத்தும் குழுமத்தின் தலைவர் அவர். பேரிடர் நேர்ந்த இடங்களில் உணவு வழங்கும் வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன் என்ற அவருடைய அமைப்பு செய்துகாட்டியவற்றின் அடித்தளம் உணவகம் நடத்திய அனுபவமே. உணவக நிர்வாகத்தை மாணவர்களுக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

ஆண்ட்ரேஸ் 1969ஆம் ஆண்டு வட ஸ்பெயினின் அஸ்துரியாஸ் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர்போன மியேரஸ் என்ற ஊரில் பிறந்தார். தாய், தந்தை இருவருமே செவிலியர்கள். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் பார்சலோனாவை ஒட்டிய பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தந்தை விடுமுறை நாள்களில் நண்பர்களையும் உறவினர்களையும் கூட்டித் திறந்தவெளியில் விறகு மூட்டி, அகன்ற தட்டை வாணலியில் பயேயா என்ற அரிசி உணவைச் சமைப்பார். வருவோர் எண்ணிக்கை கூடக்கூட வாணலியும் பெரிதாகும். மகனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை விறகு பொறுக்கிவந்து நெருப்பைப் பார்த்துக்கொள்வது மட்டுமே. கரண்டியைப் பிடித்துக் கிளற வேண்டும் என்று ஆசைப்பட்ட சிறுவன் கோபித்துக்கொண்டபோது, யார் வேண்டுமானாலும் கிளறலாம், நெருப்பை ஆளத் தெரிந்தவன்தான் எதையும் சமைக்க முடியும் என்று தந்தை சொன்னதாக ஆண்ட்ரேஸ் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சமையற்கூடத்தில் நாள் கழித்த எவருக்கும் இது வெறும் தத்துவமாகப் படாது. ஐந்து பேருக்குச் சமைக்கும்போது தீயைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்துவிடலாம். ஐந்நூறு பேருக்குச் சமைக்கும்போது, அடுப்பு எரியும் விதம் முன்கூட்டியே கணிக்கப்படாவிட்டால் அடி தீய்ந்து மேல் வேகாமல் நின்றுவிடும். அந்தப் பாடம் அவருக்குப் பள்ளிப் பருவத்திலேயே கிடைத்துவிட்டது.

பதினைந்து வயதளவில் பார்சலோனாவின் உணவகத் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். கட்டாய இராணுவப் பணிக்காலத்தில் ஸ்பெயின் கடற்படையில், முதலில் ஓர் உயர் தளபதியின் வீட்டுச் சமையற்காரராகவும், பிறகு ஹுவான் செபாஸ்தியான் தே எல்கானோ என்ற நான்கு பாய்மரப் பயிற்சிக் கப்பலிலும் இருந்தார். அமெரிக்கத் துறைமுகங்களை அவர் முதன்முதலில் கண்டது அந்தக் கப்பலில் போனபோதுதான். அதே காலகட்டத்தில், பின்னாளில் உலகின் தலைசிறந்த உணவகம் என்று பல ஆண்டுகள் போற்றப்பட்ட எல் புல்லியில், ஃபெரான் அட்ரியாவிடம் பயின்றார். 1990ஆம் ஆண்டின் இறுதியில் இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு அந்த வேலை போயிற்று. இருபத்தொரு வயது இளைஞர், சமையற்கத்திகளையும் ஐம்பது டாலரையும் எடுத்துக்கொண்டு நியூயார்க்கில் வந்து இறங்கியதாகத் தாமே சொல்வார். குருவிடமிருந்து பிரிந்த அந்தக் கசப்பு நிலைக்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019இல் நியூயார்க்கின் ஹட்சன் யார்ட்ஸ் பகுதியில் திறக்கப்பட்ட ஸ்பானிய உணவு அங்காடியான மெர்காதோ லிட்டில் ஸ்பெயினில், ஃபெரான் அட்ரியாவும் அவர் தம்பி ஆல்பர்ட்டும் ஆண்ட்ரேஸுடன் கைகோத்தார்கள்.

நியூயார்க்கில் இருந்த காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். அவருடைய வாழ்க்கை உண்மையில் உருப்பெற்ற இடம் வாஷிங்டன். 1993இல், அந்நகரின் ஏழாம் தெருவில் ஹலேயோ என்ற ஸ்பானிய உணவகம் தொடங்கப்பட்டபோது அதன் சமையற்கூடப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று கூட்டம் அலைமோதும் அந்தப் பகுதி அன்று மாலையானால் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும் இடமாக இருந்தது. சிறு சிறு தட்டுகளில் பலவகை உணவுகளைப் பகிர்ந்து உண்ணும் தாப்பாஸ் முறை, பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு அந்நாளில் பழக்கமில்லாதது. ஒரு மேசைக்கு ஒரு பெரிய தட்டு என்றால் சமையற்கூடத்தின் வேலை ஒரு முறையோடு முடிந்துவிடும். நால்வர் அமர்ந்த மேசைக்குப் பன்னிரண்டு சிறு தட்டுகள் என்றால், ஒவ்வொன்றும் வெவ்வேறு அடுப்பிலிருந்து, வெவ்வேறு நேரத்தில், சூடு ஆறாமல் போய்ச் சேர வேண்டும். எது முன்னால், எது பின்னால், எதைப் பாதி தயாரித்து வைக்கலாம், எதைக் கடைசி நொடியில்தான் தொட வேண்டும் என்ற கணக்கு மாலை முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கில் ஆண்டுக்கணக்காகப் பழகியவருக்கு, பிற்காலத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பொட்டலங்களை ஊர் ஊராக அனுப்புவது அந்நியமான வேலையாக இருந்திருக்காது.

ஹலேயோவின் வெற்றிக்குப் பிறகு 2002இல் துருக்கி, கிரேக்கம், லெபனான் ஆகிய நாடுகளின் உணவுகளுக்கென்று ஸைத்தீன்யா, பிறகு மெக்சிகோ உணவுகளுக்கென்று ஓயாமெல், 2008இல் லாஸ் ஏஞ்சலீஸில் பஸார் என்று உணவகங்கள் அடுத்தடுத்து வந்தன. 2003இல் ஓர் உணவகத்தின் மாடியில் ஆறே இருக்கைகளுடன் தொடங்கிய மினிபார், சமையலில் அறிவியல் சோதனைகளைச் செய்துபார்க்கும் கூடமாகவே நடத்தப்பட்டது. 2016இல் உணவகங்களுக்குத் தர நட்சத்திரங்கள் வழங்கும் மிச்சலின் கையேடு வாஷிங்டனுக்கென்று முதன்முறையாக வெளியானபோது அதற்கு இரண்டு நட்சத்திரங்கள் கிடைத்தன. ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை 2011இல் அவரை அமெரிக்காவின் தலைசிறந்த சமையற்கலைஞராகத் தேர்ந்தெடுத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சமையல் அறிவியல் பாடத்தில் விரிவுரையாளராக இருந்தார், ஸ்பெயின் தொலைக்காட்சியில் சில ஆண்டுகள் சமையல் நிகழ்ச்சியும் நடத்தினார். தங்கள் கட்டுரை இந்தப் பட்டியலைத் தந்திருந்தது, ஆகவே நான் நீட்டவில்லை. ஆறு பேருக்கு அணு அணுவாகச் செதுக்கிப் பரிமாறியவரும் இலட்சம் பேருக்குச் சோறு ஆக்கியவரும் ஒருவரே என்பதும், இரண்டையும் அவர் ஒரே காலத்தில் செய்துவந்தார் என்பதும்தான் அந்தப் பட்டியலில் விடுபட்ட செய்தி.

தொண்டு அவருக்கு நடுவயதில் வந்த ஞானோதயமும் அன்று. வாஷிங்டனுக்கு வந்த புதிதிலேயே, ராபர்ட் எக்கர் 1989இல் நிறுவிய டி.சி. சென்ட்ரல் கிச்சன் என்ற அமைப்புடன் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. விருந்துகளிலும் உணவகங்களிலும் மீந்துபோகும் நல்ல உணவைச் சேகரித்துப் பசித்தவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பதோடு, வேலையில்லாதவர்களுக்கும் சிறையிலிருந்து மீண்டவர்களுக்கும் அதே சமையற்கூடத்தில் தொழில் கற்றுக்கொடுத்து, உணவகங்களில் வேலைக்கு அமர்த்தும் அமைப்பு அது. ஆண்ட்ரேஸ் அங்கே தன்னார்வலராகக் காய்கறி நறுக்கத் தொடங்கிப் பின்னர் அதன் நிர்வாகக் குழுத் தலைவராகவும் ஆனார். கொடுப்பவரின் மனநிறைவுக்காகச் செய்யப்படும் தருமம் வேறு, பெறுபவரை அவருடைய நிலையிலிருந்து விடுவிக்கும் உதவி வேறு என்ற எக்கரின் கருத்தை ஆண்ட்ரேஸ் இன்றுவரை எடுத்துச் சொல்லி வருகிறார். ஹலேயோ இருக்கும் அதே ஏழாம் தெருவில்தான், அமெரிக்க உள்நாட்டுப் போரில் காணாமற்போன வீரர்களைத் தேடிக் கண்டறியக் கிளாரா பார்ட்டன் நடத்திய அலுவலகம் இருந்தது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைப் பின்னர் நிறுவிய அந்த அம்மையாரையும் தம் முன்னோடிகளுள் ஒருவராக ஆண்ட்ரேஸ் குறிப்பிடுவதுண்டு.

2010 ஜனவரி 12 அன்று ஹைத்தியில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு அவர் அங்கே சென்றார். வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன் பிறந்தது அந்தப் பயணத்தில்தான். முகாம் ஒன்றில் அவர் கறுப்பு அவரைப் பருப்பை வேகவைத்துத் தம் நாட்டு வழக்கப்படி முழுப் பருப்பாகவே பரிமாறப் போனார். உடனிருந்த ஹைத்தியப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, நாங்கள் இப்படிச் சாப்பிடுவதில்லை என்று தயக்கமில்லாமல் சொன்னார்கள். பருப்பை மசித்து, வடிகட்டி, கூழ் போன்ற குழம்பாக்கிச் சோற்றின்மேல் ஊற்றுவதே அவர்கள் முறை. உலகப் புகழ் பெற்ற அந்தச் சமையற்காரர் வாதாடவில்லை. அவர்களோடு உட்கார்ந்து மசித்தார். பசித்தவன் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான் என்று நினைத்திருந்தால் அந்தப் பருப்பு அப்படியே போயிருக்கும். வாடிக்கையாளர் தட்டைத் திருப்பி அனுப்பினால் ஏன் என்று கேட்கும் பழக்கம் உள்ளவர்தான் முகாமிலும் அந்தக் கேள்வியைக் கேட்பார். வீடிழந்து கூடாரத்தில் இருப்பவருக்கும் சுவை உண்டு, அதைச் சொல்லும் உரிமையும் உண்டு என்ற கொள்கையை இந்த அமைப்பு அன்றிலிருந்து கைவிடவில்லை. போகுமிடமெல்லாம் உள்ளூர்ச் சமையற்காரர்களை அழைத்து, உள்ளூர்ச் சந்தையில் கொள்முதல் செய்து, உள்ளூர்க்காரர்கள் உண்பதையே சமைக்கிறார்கள்.

கரீபியக் கடலில் உள்ள அமெரிக்க ஆட்சிப் பகுதியான போர்ட்டோ ரிக்கோவில் நடந்ததை மட்டும் யாரேனும் முழுமையாகத் தமிழில் எழுதினால் எங்கள் துறை மாணவர்களுக்கு அதுவே ஒரு பாடநூலாகும். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி அந்தத் தீவைத் தாக்கியபோது தீவு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது. தொலைபேசி இல்லை, எரிபொருளுக்கு மைல் கணக்கில் வரிசை, சாலைகள் அடைபட்டுக் கிடந்தன. துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்கள் குவிந்திருந்தும் அவற்றை ஊர்களுக்குக் கொண்டுசேர்க்க வழியில்லை. விமானப் போக்குவரத்து தொடங்கியவுடனே ஆண்ட்ரேஸ் அதன் தலைநகர் சான் ஹுவானில் போய் இறங்கினார். அங்கே சான்தூர்சே பகுதியில், ஹொசே என்ரிக்கே என்ற சமையற்கலைஞர் தம்முடைய உணவகத்தில் இருந்த பொருள்களைக் கொண்டு சான்கோச்சோ என்ற கிழங்கும் இறைச்சியும் சேர்ந்த உள்ளூர்க் குழம்பை ஏற்கெனவே அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆண்ட்ரேஸ் புதிய சமையற்கூடத்தைத் தேடி அலையவில்லை. அதே உணவகத்தில், அதே அண்டாக்களோடு சேர்ந்துகொண்டார்.

அதன் பிறகு நடந்தவற்றைத் தொழில் தெரிந்த கண்ணோடு பார்க்க வேண்டும். முதலில் உணவு மொத்த வியாபாரியிடம் சென்று கிடங்கில் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்த்து, இருப்பதை வைத்து அன்றைய உணவைத் தீர்மானித்தார்கள். பெருந்தொகைக்குக் கடன் அட்டைகளைத் தேய்த்தார்கள், சரக்கைக் கடனாகவும் வாங்கினார்கள். ஊர்களுக்குள் செல்ல நடமாடும் உணவு வண்டிகளை அழைத்துக்கொண்டார்கள். தேவை பெருகியபோது நகரின் பெரிய உள்ளரங்கமான கொலிசேயோவின் சமையற்கூடத்துக்கு மாறி, அங்கே ஒருபுறம் பிரமாண்டமான பயேயா வாணலிகளில் கோழிச் சோறும், மறுபுறம் சாண்ட்விச்சும் தயாரித்தார்கள். அந்தச் சாண்ட்விச் வரிசையைப் பற்றிய விவரங்கள் என்னை மிகவும் கவர்ந்தவை. நீண்ட மேசைகளின் இருபுறமும் தன்னார்வலர்கள் நின்று, ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, பன்றி இறைச்சியும் பாலாடைக்கட்டியும் அடுக்கி, மயோனைசைத் தாராளமாகத் தடவி மூடுவார்கள். மயோனைஸ் குறைந்தால் ஆண்ட்ரேஸ் விடமாட்டார். மலைக் கிராமத்துக்கு ஹெலிகாப்டரிலோ வண்டியிலோ போய்ச் சேர்வதற்குள் ரொட்டி காய்ந்து தொண்டையில் அடைக்கும் என்பதும், குடிநீரே அரிதான ஊரில் அதை விழுங்க முதியவர்கள் படும் பாடும் அவருக்குத் தெரியும். சூடான உணவு போக முடிந்த இடத்துக்குச் சோறு, போக முடியாத இடத்துக்குச் சாண்ட்விச் என்று தொலைவை வைத்தே உணவைப் பிரித்தார்கள். நாளொன்றுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட உணவு என்ற அளவை எட்டி, தீவின் பல பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்ட சமையற்கூடங்களை நடத்தி, மொத்தத்தில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட உணவுகளை அந்த அமைப்பு வழங்கியது.

இதன் அருமை, அதே காலத்தில் நடந்த மற்றொன்றோடு ஒப்பிட்டால் விளங்கும். அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா, மூன்று கோடி உணவுகளைத் தருவதற்காக 15 கோடியே 60 இலட்சம் டாலர் மதிப்பிலான ஒப்பந்தத்தை அட்லாண்டாவைச் சேர்ந்த ஒரு தனிநபர் நிறுவனத்துக்குக் கொடுத்தது. பேரிடர்க் காலத்தில் பேரளவு உணவு வழங்கிய அனுபவம் அந்த நிறுவனத்துக்கு இல்லை. குறித்த நாளுக்குள் ஐம்பதாயிரம் உணவுகளே வந்தன. அவையும், உணவு தனியாகவும் அதைச் சூடாக்கும் பை தனியாகவும் வந்து சேர்ந்தன. ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டது. ஆண்ட்ரேஸின் அமைப்புக்கு ஃபீமா வழங்கியவை குறுகிய கால ஒப்பந்தங்களே. அவை முடிந்த பின் மேலும் பெற முடியாமற்போனபோது, அந்த முகமையின் நடைமுறைகளை ஆண்ட்ரேஸ் வெளிப்படையாகவே சாடினார். பொதுப்பணத்தைக் கையாளும் அலுவலகத்துக்கு விதிமுறைகள் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சமையற்கூடம், சமையற்காரர், கொள்முதல், வண்டி ஆகிய நான்கும் கைவசம் உள்ளவர் யார், காகிதத்தில் மட்டும் உள்ளவர் யார் என்று பார்த்தறியத் தெரியாத விதிமுறை பசித்தவருக்கு எந்த வகையிலும் உதவாது. இந்த வேறுபாட்டை உணவகக்காரர் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

குடியேறியவர் என்ற அடையாளத்தைத் தங்கள் கட்டுரை தலைப்பிலேயே வைத்திருந்தும், அதற்காக அவர் கொடுத்த விலையை ஒரு வரியிலும் சொல்லவில்லை. வாஷிங்டனின் பழைய அஞ்சல் நிலையக் கட்டடத்தில் அமையவிருந்த டொனால்டு டிரம்பின் ஹோட்டலில் உணவகம் திறக்க ஆண்ட்ரேஸ் ஒப்புக்கொண்டிருந்தார். 2015 ஜூன் மாதத்தில் தம் தேர்தல் பரப்புரையைத் தொடங்கிய டிரம்ப், மெக்சிகோவிலிருந்து வரும் குடியேறிகளை இழிவாகப் பேசினார். ஆண்ட்ரேஸின் ஊழியர்களில் மிகப் பலர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவர்களை அழைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குள் போய்க் கடை நடத்த அவருக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தத்திலிருந்து விலகினார். டிரம்ப் தரப்பு ஒரு கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. ஆண்ட்ரேஸின் நிறுவனம் எதிர்வழக்குப் போட்டது. 2017 ஏப்ரலில் இரு தரப்பும் சமரசமாகும்வரை அந்த வழக்கு இழுத்தது. அதே ஆண்டு பிப்ரவரி 16 அன்று, குடியேறியவர்கள் இல்லாவிட்டால் நாடு எப்படி இயங்கும் என்பதை உணர்த்த அமெரிக்கா முழுவதும் ஊழியர்கள் வேலைக்குச் செல்லாமல் இருந்தபோது, வாஷிங்டனில் இருந்த தம்முடைய பல உணவகங்களை அவர் அடைத்துவைத்தார். ஒரு நாள் வியாபாரம் போவது எவ்வளவு பெரிய செலவு என்று உணவகம் நடத்துபவர்களுக்குத் தெரியும். 2013 நவம்பரில்தான் அவரும் மனைவியும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தார்கள். அதாவது, குடிமகனாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள், வருங்கால அதிபரோடு வழக்காடத் துணிந்தவர் அவர். என்னிடம் படித்த மாணவர்கள் பலர் வளைகுடா நாடுகளிலும் சொகுசுக் கப்பல்களிலும் ஐரோப்பிய நகரங்களிலும் சமையற்கூட வேலையில் இருக்கிறார்கள். பாத்திரம் கழுவுபவரின் மானத்துக்காக முதலாளியே வழக்கைச் சந்தித்தார் என்பது அவர்கள் அறிய வேண்டிய செய்தி.

2020இல் கொரோனா பரவி உணவகங்கள் எல்லாம் மூடப்பட்டபோது, அவர் தம்முடைய உணவகங்கள் சிலவற்றை மக்களுக்கான சமையற்கூடங்களாக மாற்றினார். அதைவிட முக்கியமானது அவருடைய அமைப்பு செய்த மற்றொரு காரியம். வாடகையும் சம்பளமும் கொடுக்க முடியாமல் தவித்த சிறு உணவகங்களுக்கு, உணவு ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துச் சமைக்கச் சொல்லி, அந்த உணவை மருத்துவமனைகளுக்கும் முதியோருக்கும் வேலை இழந்தோருக்கும் அனுப்பியது. ஒரே செலவில் பசித்தவருக்கு உணவும் சமையற்காரருக்குக் கூலியும் போய்ச் சேர்ந்தன. அடுப்பு அணைந்துபோன உணவகத்தின் வலி தெரிந்தவருக்குத் தோன்றக்கூடிய யோசனை அது. 2021இல் இரண்டாம் அலை நம் நாட்டை உலுக்கியபோது, சஞ்சீவ் கபூருடன் சேர்ந்து இந்திய நகரங்களில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் உணவு வழங்கியதும் இதே அமைப்புதான். செவிலியர் வீட்டில் வளர்ந்தவர் அதைச் செய்ததில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு.

உக்ரைன் போர் 2022 பிப்ரவரியில் தொடங்கியதும் போலந்து எல்லையில் அகதிகளுக்குச் சூடான உணவு கொடுக்கத் தொடங்கி, பிறகு நாட்டுக்குள் நூற்றுக்கணக்கான உள்ளூர் உணவகங்களை இணைத்துக்கொண்டார்கள். அவர்களோடு இணைந்து வேலைசெய்த கார்கிவ் நகரச் சமையற்கூடம் ஒன்று ஏவுகணைத் தாக்குதலுக்கு உள்ளாகி ஊழியர்கள் காயமடைந்தனர். காஸாவில் நேர்ந்தது அதைவிடக் கொடியது. 2024 மார்ச்சில், சைப்ரஸின் லார்னகா துறைமுகத்திலிருந்து கடல் வழியாக ஏறத்தாழ இருநூறு டன் உணவை அனுப்பி, இடிபாடுகளைக் கொட்டியே ஓர் இறங்குதுறை அமைத்து அதைக் கரைசேர்த்தார்கள். ஏப்ரல் 1 அன்று, தேர் அல் பலா கிடங்கில் உணவை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மூன்று வாகனங்களை இஸ்ரேலிய டிரோன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. வாகனங்களில் அமைப்பின் சின்னம் இருந்தது. பயண விவரம் இஸ்ரேல் இராணுவத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆஸ்திரேலியா, போலந்து, பிரிட்டன், அமெரிக்கா, கனடா, பாலஸ்தீனம் ஆகிய நாடுகளைச் சேர்ந்த ஏழு பேர் இறந்தார்கள். பெருந்தவறு நடந்துவிட்டதாக ஒப்புக்கொண்ட இஸ்ரேல் இராணுவம் இரண்டு அதிகாரிகளைப் பதவி நீக்கியது. ஆண்ட்ரேஸ் அந்த விளக்கத்தை ஏற்காமல் சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று கேட்டார். சில வாரங்கள் நிறுத்தப்பட்ட பணி அந்த மாத இறுதியில் மீண்டும் தொடங்கியது. பிற நாட்டவரோடு பாலஸ்தீனச் சமையற்காரர்களே பெருமளவில் பொறுப்பேற்று அந்தச் சமையற்கூடங்களை நடத்தினார்கள்.

அவரைக் குறையற்றவர் என்று காட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. அவருடைய அமைப்பு மிகக் குறுகிய காலத்தில் மிகப் பெரிதாக வளர்ந்தது. 2021இல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெஸோஸ், தம் விருப்பப்படி தொண்டுகளுக்குச் செலவிடும்படி ஆண்ட்ரேஸிடம் பத்துக் கோடி டாலரை ஒப்படைத்தார். பணமும் களங்களும் பெருகிய வேகத்துக்கு ஈடாக உள்நிர்வாகம் வளரவில்லை. ஊழியர்களின் பாதுகாப்பு குறித்தும், பாலியல் தொல்லைப் புகார்கள் கையாளப்பட்ட விதம் குறித்தும் 2023இல் கேள்விகள் எழுந்தன. வேகமே உயிர்நாடியான அமைப்பில் இத்தகைய சறுக்கல் ஏற்படும் ஆபத்து எப்போதும் உண்டு. பரபரப்பான சமையற்கூடங்களில் கூச்சலும் அத்துமீறலும் நெடுங்காலமாகச் சகித்துக்கொள்ளப்பட்டவை என்பதை எங்கள் துறையில் இருப்போர் மறைக்கக் கூடாது. தொழிலின் நல்ல பழக்கங்கள் களத்துக்குப் போகும்போது கெட்ட பழக்கங்களும் கூடவே போகும். ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதும்போது இதையும் எழுதினால்தான் படிப்பவர் நம்புவார்.

விருதுகளைப் பற்றி ஒன்று மட்டும். 2021இல் ஸ்பெயினின் அஸ்துரியாஸ் இளவரசி விருது, நல்லிணக்கப் பிரிவில் அவருக்கும் அவருடைய அமைப்புக்கும் வழங்கப்பட்டது. பிறந்த மண்ணின் பெயரைத் தாங்கிய விருது அது. 2025 ஜனவரியில், குடிமக்களுக்கு அமெரிக்கா வழங்கும் மிக உயர்ந்த விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை அதிபர் பைடனிடமிருந்து பெற்றார். இரண்டு நாடுகளும் உரிமை கொண்டாடும் நிலையை ஒரு சமையற்காரர் அடைந்திருக்கிறார்.

தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இது. அவரைப் பற்றியோ அவரைப் போன்ற மற்றவர்களைப் பற்றியோ மீண்டும் எழுத நேரும்போது, கடையை எப்படி நடத்தினார், யாரை வேலைக்கு வைத்தார், எங்கே கொள்முதல் செய்தார், கடன் எப்படி அடைந்தது, எந்த உணவை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பவற்றுக்கும் நான்கு பத்திகள் ஒதுக்குங்கள். உணவக நிர்வாகம் படிக்கும் பிள்ளைகள் தங்கள் ஞாயிறு இணைப்பை வாசிக்கிறார்கள். நட்சத்திரங்களும் பதக்கங்களும் அவர்களுக்கு எங்கும் கிடைக்கின்றன. பொருள் கணக்கையும் ஆள் கணக்கையும் அடுப்புக் கணக்கையும் கற்றவனால் கையில் கத்தியுடன் எந்த நாட்டுக்கும் போய்ப் பிழைக்க முடியும், அந்த நாட்டுக்குத் துன்பம் வரும்போது அதே கணக்கைக் கொண்டு உதவவும் முடியும் என்பதற்கு ஆண்ட்ரேஸின் முப்பது ஆண்டு உழைப்பு சான்றாக இருக்கிறது. அதைக் கட்டுரையாளர் விரிவாக எழுதுவாரானால், சமையற்கூட நடைமுறைகள் தொடர்பான ஐயங்களுக்கு விளக்கம் தர நான் கடமைப்பட்டவன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உணவக நிர்வாக ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.